வளைந்த வாளும் வளைத்த வாளும்

செய்தி வந்தபோது நான் லத்தீன் வகுப்பில் இருந்தேன். என் அம்மா முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். பெற்றோர் கூட்டத்துக்குக்கூட வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டுதான் என் பள்ளிக்கூடத்துக்கு வருவார். அன்று வெள்ளை வேலை உடுப்போடு, பெயர் அட்டையைக் கூடக் கழற்றாமல், வகுப்புக் கதவருகே வந்து நின்றார். ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போனேன்.

"வதனி அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா, பிள்ளை" என்றார் அம்மா. "சிவா அண்ணை இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன் அடிச்சவர்."

டிராமுக்குக் காத்து நின்றோம். நான் அழுது முடிக்கும்வரை அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "சாமிக்குப் போட்ட வாளுகள். அதுகளைத் தொட்டிருக்கக் கூடாது" என்றார்.

இந்த வசனத்தை அம்மா மட்டும் சொல்லவில்லை. வதனி அக்காவை அறிந்த உங்களில் பலர் தகன மண்டபத்தில் இதையே சொன்னீர்கள். சிலர் மெதுவாகச் சொன்னீர்கள், சிலர் அவருடைய அப்பா சிவா மாமாவின் காதுபடவே சொன்னீர்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி மாமா என்னைக் கேட்டார். ஒரு பக்கம் போதாது என்றேன். "எவ்வளவு வேணுமோ அவ்வளவு எழுது" என்றார். அந்த வசனத்துக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதில் என்னுடையது அல்ல, பெரும்பாலும் வதனி அக்காவுடையது.

உங்களில் பலருக்கு அவர் "சிவா அண்ணையின்ர மகள், இன்னும் படிக்கிறாள்" என்ற அளவில்தான் தெரிந்தவர். இங்கே பெர்ன் நகரின் பூம்ப்ளிஸில் பிறந்து வளர்ந்து, பெர்ன் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் ஆய்வு செய்தார். அவர் ஆராய்ந்த வாள்கள் ரோமப் பேரரசின் கடைசி நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் பலவற்றை ரோமக் கொல்லர்கள் அடித்தார்கள், வடக்கே ஜெர்மானியக் குழுக்கள் ஏந்திப் போரிட்டார்கள். டென்மார்க்கிலும் ஜெர்மனியின் வடகோடியிலும், அந்தக் காலத்தில் சிறு ஏரிகளாக இருந்து பின்னர் சதுப்பு நிலமாக மாறிய இடங்களில் அவை கிடைத்தன. போரில் வென்றவர்கள், தோற்றவர்களின் ஆயுதங்களைத் தெய்வத்துக்கென்று தண்ணீரில் போட்டார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. போடுவதற்கு முன் அவற்றை வளைத்தார்கள், வெட்டினார்கள், முறித்தார்கள்.

நாங்கள் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். கீழே இருந்த பொதுச் சலவை அறையில் எங்கள் முறை வரும் நாளுக்கு முதல்நாள் அவர்களுடையது. வதனி அக்கா ஒருநாளும் நேரத்துக்குத் துணிகளை எடுத்ததில்லை. ஒருமுறை கூடையோடு கீழே போனேன். சலவை அறையில் வதனி அக்கா கவிழ்த்த வாளியில் இருந்துகொண்டு, மடியில் படங்களைப் பரப்பி வைத்திருந்தார். ஒரு படத்தில் வாள் ஒன்று கொக்கிபோல மடங்கிக் கிடந்தது.

"மன்னிச்சுக்கொள்ளு, இந்தா எடுக்கிறன். காலமையே வந்திருப்பன். ஆரோ என்ர கோப்பையை உடைஞ்சுபோட்டினம், அதைக் கூட்டி அள்ளினதில நேரம் போட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உடைச்சுப்போட்டினம் அக்கா. கோப்பை தானா உடைஞ்சால்தான் உடைஞ்சுபோட்டுது."

"என்ன வித்தியாசம்?"

தமிழ்ப் பள்ளியில் படித்ததைச் சொன்னேன். உடைந்தது என்றால் யார் செய்தார் என்ற பேச்சே இல்லை. உடைத்தது என்றால் ஒரு கை இருக்கிறது. முறிந்தது, முறித்தது. வளைந்தது, வளைத்தது. ஒரு ந், ஒரு த், அவ்வளவுதான். வதனி அக்கா மடியிலிருந்த படத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இதுக்கு ஜெர்மனில ஃபெர்போகன் எண்டு எழுதியிருக்கு. வளைஞ்சாலும் அதுதான், வளைச்சாலும் அதுதான். பழைய பட்டியல் முழுக்க இந்த ஒரு சொல்லுதான். எது எதுவெண்டு கண்டுபிடிக்கிறதுதான் என்ர முழு ஆராய்ச்சியும். அதை விளங்கப்படுத்த நான் ரெண்டு பக்கம் எழுதி வைச்சிருக்கிறன். உங்களுக்கு ஒரு எழுத்துப் போதுமோ?"

"எங்களுக்கு எண்டு சொல்லுங்கோ அக்கா."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துப் படங்களின் ஓரங்களில் ந், த் என்று எழுதத் தொடங்கினார். த் போடச் சரியாக வரவில்லை. நான் கையைப் பிடித்து எழுதிக் காட்டினேன். அன்று எங்கள் துணி காயவில்லை. அம்மாவிடம் நல்ல ஏச்சு வாங்கினேன்.

அதன் பிறகு புதன்கிழமைப் பிற்பகல்களில் அவருடைய வேலை அறைக்குப் போய்வந்தேன். அங்கே வாள்கள் இல்லை. அவை வடக்கே அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் அவர் அங்கே போய், பல் வைத்தியர்கள் பல்லின் அச்செடுக்கப் பாவிக்கும் பசையை வாளின் கூர் விளிம்பில் அழுத்தி, வெட்டுக் காயங்களின் அச்சுகளை எடுத்து வருவார். "வாளுக்குப் பல் வைத்தியம்" என்பார். சண்டையில் பட்ட காயங்கள் பல கோணங்களில் இருக்கும், ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம். தரையில் வைத்து வேண்டுமென்றே வெட்டியவை ஒரே சாய்வில் வரிசையாக இருக்கும். ஏந்தியவனின் கையில் இருந்தபோது வாள் பட்ட அடியையும், அவன் இறந்தபின் வாள் பட்ட அடியையும் விரல் நுனியால் தடவிப் பார்க்கலாம்.

மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. தானாக நேர்ந்தவற்றுக்கு முதல் தட்டில் ந், வேண்டுமென்றே செய்தவற்றுக்கு இரண்டாவதில் த் என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். மூன்றாவதில் "தெரியாது". அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தட்டு.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "அக்கா, மேல கிடந்த மண்ணின்ர பாரத்தில வளைஞ்சால், மண் வளைச்சது எண்டுதானே சொல்லலாம்? அப்ப அதுவும் த் தானே?"

"எடியே, நீ என்ர பேராசிரியரை விட மோசம்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "மண்ணுக்கு மனம் இல்லை. எனக்கு வேண்டியது மனம் வைச்ச கை. கை இருந்ததெண்டால் தடம் இருக்கும். தடம் இல்லாட்டி, கை இருந்ததெண்டு சொல்ல நான் ஆர்?"

அவருடைய ஆய்வைத் தமிழில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருடையதுதான். சிவா மாமா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவர். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "பழைய இரும்பு" என்று மட்டும் சொல்வார். எங்கள் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் ஒரு பேச்சு ஒழுங்கு செய்தோம். உரையை வதனி அக்கா ஜெர்மனில் எழுத, இருவரும் சேர்ந்து தமிழாக்கினோம். அறிவித்தல் போடும் பொறுப்பைத் தமிழ்ப் பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் ஈசன் மாமா எடுத்துக்கொண்டார். வதனி அக்கா தொலைபேசியில் அவரிடம், ஜெர்மனில் சதுப்பு நிலத்துக்குச் சொல்லும் சொல்லையே சொல்லியிருக்கிறார். அது மோர். அறிவித்தல் இப்படி வந்தது: "மோரில் கிடந்த வாள்கள், சிறப்புரை, அனைவரும் வருக."

"என்ன பிள்ளை இது?" என்று அம்மா கைபேசியை என்னிடம் நீட்டினார். "மோருக்குள்ள ஆர் வாளைப் போட்டது? மரம் அரியிற வாளோ, வெட்டுற வாளோ?"

மண்டபம் நிறைந்துவிட்டது. ஒருவர் மோர் ஒரு வாளி கரைத்துக்கொண்டே வந்துவிட்டார். வதனி அக்கா மேடையேறியதும் ஒரு கோப்பை மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "இதுக்குள்ள ஒண்டும் இல்லை, பாத்திட்டன்" என்றார். அதன் பிறகு அவருடைய தடுமாறும் தமிழை எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். பேச்சு முடிந்ததும் பூமணி அன்ரி எழுந்தார்.

"பிள்ளை, குறை நினையாத. கோயில் சாமான் ஒரு திருகாணி எண்டாலும் நாங்கள் வீட்டை கொண்டு போறேல்லை. சாமிக்கெண்டு போட்டதை எடுக்கலாமோ?"

பலர் சிரித்தார்கள். வதனி அக்கா சிரிக்கவில்லை.

"நல்ல கேள்வி அன்ரி. நானும் யோசிச்சனான். அங்க தோட்டம் செய்யிறதுக்குத் தண்ணியை வடிச்சுப் போட்டினம். தண்ணி போனால் காத்துப் படும், காத்துப் பட்டால் இரும்பு கறள் பிடிச்சு மண்ணாப் போகும். எடுக்காட்டி அந்தச் சாமிக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. அதோட, அந்தச் சனம் தங்கட சாமிக்கு என்ன குடுத்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் போறதும் மரியாதை இல்லைத்தானே?"

பூமணி அன்ரி தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. சிவா மாமா பின்வரிசையில் இருந்தார். தேநீருக்கு நிற்காமல் வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த குளிர்காலத்தில் வதனி அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மண்டபத்தில் கேட்ட அந்த நல்ல கேள்வி அப்போதுதான் வேறொன்றாக மாறியது. கேள்விக்குறி கழன்றுவிட்டது. ஊஸ்டர் நகரில் இருந்த வதனி அக்காவின் பெரியம்மா மாமாவுக்கு அடிக்கடி அழைப்பெடுத்து, அந்த அச்சுகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம், ஆரே ஆற்றில் விட்டுவிடு என்றார். வதனி அக்கா, வேலை அறைக்குப் போக முடியாததால், மிச்சமிருந்த அச்சுகளை ஒரு பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். சமையலறை மேசையில் வைத்து வேலை செய்தார். அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் பதிந்தேன்.

ஒருநாள் மாமா வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், மேசையருகே நின்றார்.

"வதனி, இதைத் திருப்பிக் குடுத்திடு. சனம் சொல்லுறதில ஏதோ இருக்கு."

"என்ன இருக்கு அப்பா?"

"இதைத் தொட்டபடியால்தான் உனக்கு இப்பிடி."

"ஆர் பாத்தது?"

வதனி அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அப்பா, இது ந் வருத்தம். வந்தது. ஒருத்தரும் தரேல்லை. வாளும் தரேல்லை, சாமியும் தரேல்லை." மாமாவுக்கு விளங்கவில்லை. நான் சலவை அறைக் கதையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு கதிரையில் இருந்தார்.

"அப்ப, களைப்பு களைப்பு எண்டு நீ சொல்லேக்க, படிச்சுப் படிச்சுத்தான் எண்டு உன்னை ஏசினது நான். வேளைக்கு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகாததும் நான். அது த் தானே, பிள்ளை?"

அதுவரை எனக்கும் விளங்கியிருக்கவில்லை. மாமா வாளைப் பழித்தது வாளில் இருந்த பயத்தால் மட்டுமல்ல. வாளில் பழி இல்லையென்றால் அது வேறெங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வதனி அக்கா எழுந்துபோய் அவருடைய கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. "டொக்டர் என்ன சொன்னவ? சில கிழமைக்குள்ள திடீரெண்டு வந்த வருத்தம், முந்தி வந்திருந்தாலும் கண்டிருக்கேலாது எண்டு சொன்னவவோ இல்லையோ? நீங்களும் பக்கத்தில இருந்து கேட்டனீங்கள்தானே? தடம் இல்லாத இடத்தில கையை வைக்காதேங்கோ அப்பா. அது வாளுக்கும் சரி, உங்களுக்கும் சரி." பிறகு என் பக்கம் திரும்பினார். "அபி, அடுத்ததை எடு."

மாமா எழுந்து, மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டார்.

சலவை அறையில் நான் பார்த்த அந்தக் கொக்கிபோல மடங்கிய வாள், வதனி அக்காவின் ஆய்வில் முதல் படம். எல்லா மேடைகளிலும் அதைத்தான் முதலில் காட்டுவார். த் தட்டின் தலைவர் என்று நாங்கள் பகிடியாகச் சொல்வோம். அவர் கடைசியாக வீட்டில் இருந்த நாட்களில், அந்த வாளைத் தோண்டியெடுத்தவர்களின் பழைய புகைப்படம் ஒன்று வடக்கிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. வாளின் நடுப்பகுதிக்குக் கீழே ஒரு தடித்த மரக்குற்றி, மேலே பாறாங்கல். அவர் அதைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

"கல்லின்ர பாரத்தில வளைஞ்சிருக்கலாம். தெரியாது தட்டுக்கு மாத்து."

"அக்கா, இது உங்கட முதல் படம் எல்லோ?"

"ஓம். அதுக்காக?"

"உங்கட முதல் அதிகாரம் முழுக்க இதிலதானே நிக்குது?"

"அப்ப முதல் அதிகாரத்தைத் திருப்பி எழுதுவம்" என்றார். எழுதினார். விரல்கள் வீங்கியிருந்தன, கண் கூசியது. ஒரு பந்தி எழுதுவார், படுப்பார், எழும்பி மற்றப் பந்தி எழுதுவார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் கணினியைக் கொண்டுபோனார். முதல் அதிகாரம் முன்பைவிடச் சிறியதாகிவிட்டது. பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, முன்பைவிடப் பலமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அந்த மின்னஞ்சலை மாமாவுக்கும் வதனி அக்கா தமிழில் வாசித்துக் காட்டும்படி என்னிடம் சொன்னார். அவர் என்னிடம் கேட்ட கடைசி மொழிபெயர்ப்பு அதுதான்.

சாம்பல் கரைக்கும் நாளில், அச்சுகள் இருந்த பெட்டியையும் சேர்த்து ஆற்றில் விடச் சொல்லிப் பலர் மாமாவிடம் சொல்லியிருந்தார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். சடங்கு முடிந்து எல்லோரும் போனபின், மாமா காரிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு என்னை வரச் சொன்னார். பாலத்தில் நடந்தோம். நடுவில் நின்று, பெட்டியைக் கைப்பிடிச் சுவரில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஆரே பச்சையாக வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் பயந்துபோனேன். தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை.

"அபி, அந்தக் காலத்து ஆக்கள் வாளை வளைச்சுப்போட்டு ஏன் தண்ணியில போட்டவை?"

"திரும்ப ஒருத்தரும் எடுத்துப் பாவிக்கக் கூடாதெண்டு, மாமா."

"இதை ஆரும் பாவிக்கலாமோ?"

"ஓம். அக்காக்குப் பிறகு வாற ஆள். எல்லாம் இலக்கம் போட்டிருக்கு. தெரியாது தட்டில இருக்கிறதுகளை இனி ஆராவது பாக்க வேணும்."

மாமா ஆற்றிலிருந்து கண்ணை எடுத்தார். "அப்ப ஏன் பிள்ளை நாங்கள் இதில நிக்கிறம்?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். பல்கலைக்கழகம் அங்கிருந்து அதிக தூரமில்லை. வழி முழுவதும் பெட்டியை என்னிடம் தரவில்லை. மகள் இத்தனை வருடம் வேலை செய்த அறைக்குள் அவர் முதல்முறையாக அன்றுதான் போனார். பேராசிரியர் எழுந்து நின்று கைகொடுத்தார். மாமா, தான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பழகிய ஜெர்மனில், "இது என் மகளின் வேலை. கவனம்" என்றார்.

இந்த மலரின் முகப்பில் ஒரு கவிதை அச்சாகவிருந்தது. "காலன் பறித்த மலரே" என்று தொடங்கும். அதை எழுதிய ஈசன் மாமாவில் எனக்கு மிகுந்த மரியாதை. இருந்தாலும் நான் போய்க் கேட்டேன். பறித்த கையை வதனி அக்கா ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார் என்றேன். ஈசன் மாமா முதலில் முகம் சுளித்தார். பிறகு, "மோர் எண்டு போட்டதே நான்தானே, இனி உன்ர சொல்லைக் கேக்கிறன்" என்றார். முகப்பில் இப்போது வதனி அக்காவின் பெயரும், அதன் கீழே "இறந்தார்" என்ற ஒரு சொல்லும் இருக்கின்றன.

நேற்று இந்தக் கட்டுரையை அம்மா வாசித்தார். "டிராமுக்கு நிக்கேக்க நான் சொன்னதை வெட்டிவிடு" என்றார்.

"வெட்டமாட்டன் அம்மா."

"அப்ப நான் சொன்னது பிழையெண்டு ஊர் முழுக்கச் சொல்லப் போறியோ?"

"நீங்கள் தெரியாது எண்டு சொல்லுங்கோ. அதையும் எழுதிவிடுறன்."

அம்மா தாள்களை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சோற்றைப் பார்க்கப் போனார். அடுப்படியில் நின்றபடியே, "சரி, எழுது" என்றார்.

வதனி அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது தெரியாது என்ற சொல்லைக் கூசாமல் சொல்லும் பிடிவாதம். எனக்கு மிகவும் பிடித்த படமாக இருந்தாலும் தடம் இல்லையென்றால் இடம் மாற்றுவேன். அடுத்த வருடம் பள்ளியில் என் இறுதி ஆய்வுக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டும். பேராசிரியரிடம் கேட்டுவிட்டேன், மூன்றாவது தட்டை நான் தொடலாம் என்று சொல்லியிருக்கிறார். உங்களில் யாருக்காவது அதைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால், மாமாவின் காதில் சொல்லாமல் என்னிடம் வந்து கேளுங்கள். புதன்கிழமைப் பிற்பகல்களில் நான் அக்காவின் வேலை அறையில் இருப்பேன்.